பெயருக்கு நேரே ஒரு கோடு

காரியத்தைக் கெடுத்தது ஹிராய்வா ஷின்ஸாகுவின் வலது கைக் கட்டைவிரல்.

ஏற்கெனவே நிறையக் கெடுத்துப் பழகிய விரல்தான் அது. ஜாக்கியாக இருந்த காலத்தில் கடிவாள வாரில் சிக்கி ஒடிந்தது. அந்தப் பந்தயத்திலும் அவருக்குக் கடைசி இடம். இன்னொரு தடவை பரிசளிப்பு மேடையில் ஒரு பதக்கத்தைத் தட்டிவிட்டது. அதுவும் வேறொருவர் வாங்கிய பதக்கம். அதெல்லாம் அவருடைய பிழைப்போடு போயிற்று. இந்தச் சனிக்கிழமை காலை கெட்டிருந்தது மகள் நகிஹோவின் பெயர்.

பந்தயத் திடலின் வாசலில் மனைவி ஸதோயோ நடத்தும் பன்றி இறைச்சிச் சோற்றுக் கடையில், வழக்கமான மூலையில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே பனி பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கைப்பேசி சிணுங்கியது. செயலியில் வாராந்தர ஜாக்கி மதிப்பீடு வந்துவிட்டது.

'மேட்டடி நிறுத்தம்' என்ற பத்தியில் நகிஹோ கடைசி. சாதாரணக் கடைசி இல்லை. அவளுக்கும் அவளுக்கு மேலே இருப்பவனுக்கும் நடுவில் ஒரு லாரியைத் திருப்பலாம்.

ஷின்ஸாகுவின் சாப்பாட்டுக் குச்சியிலிருந்து இறைச்சித் துண்டு நழுவிக் கிண்ணத்தில் விழுந்தது.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிறீங்க?" என்றாள் ஸதோயோ.

"மிளகு ஜாஸ்தி."

"நான் இன்னும் மிளகே போடலியே."

அவர் குனிந்து சாப்பிட்டார். வாயில் இருந்தது இறைச்சியா மேசைத் துணியா என்று அவருக்குத் தெரியவில்லை.

சென்ற வாரங்களைத் தொடர்ந்து வந்தவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று வருடமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டாத மகன் ரியோஹெய், சப்போரோவிலிருந்து ஒரு பை நிறைய டேப்லெட்டுகளோடு வந்து இறங்கினான். வந்தவன் அப்பாவுக்கு ஒரு வேலையும் கொடுத்தான். "ஜாக்கியோட கண்ணு வேணும்ப்பா, உங்களை விட்டா யாரு இருக்கா" என்று அவன் சொன்னபோது ஷின்ஸாகு இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தார். கால் நூற்றாண்டு ஜாக்கியாக இருந்தும் அவர் கண்ணை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

வேலை இதுதான். இந்த ஒபிஹிரோ ஊரின் குதிரைகள் ஓடுவதில்லை, இழுக்கின்றன. ஒரு டன் எடையுள்ள குதிரை, அதற்குக் கொஞ்சமே குறைந்த இரும்புச் சறுக்குவண்டி, வண்டிமேல் நின்றபடி வாரைப் பிடித்திருக்கும் ஜாக்கி. நேர்த் தடத்தில் இரண்டு மண்மேடுகள். முதல் மேடு பேருக்கு. இரண்டாவது மேடுதான் ஆளைப் பார்க்கும் மேடு. அதன் அடியில் குதிரையை நிறுத்தி மூச்சுவாங்க விட்டு, நகர்த்தி, மறுபடி நிறுத்தி, கடைசியில் ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும். எப்போது நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதில்தான் ஜாக்கியின் மூளை இருக்கிறது. அந்த மூளையை எண்ணாக்கிக் குதிரை முதலாளிகளுக்கு விற்கிறது ரியோஹெய்யின் நிறுவனம். தடத்தோரம் மூன்று பேர் டேப்லெட்டோடு நிற்பார்கள், ஆளுக்கு மூன்று நான்கு வண்டிகள். வண்டி நின்றால் ஓர் அழுத்து. நகர்ந்தால் இன்னோர் அழுத்து. நின்ற நேரம் நீண்டால் மதிப்பெண் இறங்கும்.

"நகிஹோ வண்டியை எனக்கே குடுத்துடு" என்று ஷின்ஸாகுவே கேட்டு வாங்கியிருந்தார்.

அவர் ஒரு விஷயத்தை மகனிடம் சொல்லவில்லை. மகள் ஜாக்கியான நாளிலிருந்து, அவள் பெரிய மேட்டின் அடியில் போய் நின்றதும், அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஏறும்போது குதிரை முட்டி மடிந்து விழுந்தால்? வண்டி பின்னால் சறுக்கினால்? கூட்டம் 'ஓ' என்று கத்தியதும், ஏறிவிட்டாள் என்று தெரிந்துகொண்டு கண்ணைத் திறப்பார்.

டேப்லெட் கையில் வந்த பிறகும் கண் தன் பழக்கத்தை விடவில்லை. வண்டி நின்றதும் கட்டைவிரல் அழுத்தும். அப்புறம் இருட்டு. கூட்டம் கத்திய பிறகுதான் அடுத்த அழுத்து. அதற்குள் அவள் மேட்டின் உச்சியில் இருப்பாள். நகர்ந்து, நின்று, நகர்ந்து, ஏறியது அத்தனையும் சேர்ந்து நகிஹோவின் கணக்கில் ஒரே ஒரு மாபெரும் நிறுத்தமாக ஏறியிருந்தது.

பெற்ற பாசத்தை எண்ணாக்கினால் இப்படித்தான் வரும் போலிருக்கிறது.

அவர் கிண்ணத்தைத் தள்ளிவைக்கும் நேரம் பார்த்து குவாகி உள்ளே வந்தார். சர்க்கரைக் கிழங்கும் அவரையும் விளையும் பெரும் பண்ணைக்குச் சொந்தக்காரர். அதைவிட முக்கியமாக, டாய்கோ என்ற குதிரைக்குச் சொந்தக்காரர். இந்தப் பருவத்தில் டாய்கோ என்ற பெயரைச் சொன்னால் கடையில் சோறு கேட்டு நிற்பவர்கூட வரிசையை விட்டுத் திரும்பிப் பார்ப்பார். அவனை ஓட்டும் வாய்ப்பு போன மாதம்தான் நகிஹோவுக்குக் கிடைத்தது. அடுத்த ஞாயிறு பனிக் கோப்பைப் பந்தயம். இன்று மாலைக்குள் ஜாக்கியின் பெயரைக் கொடுத்தாக வேண்டும்.

குவாகியின் பின்னால் பயிற்சியாளர் இஸோகாய் வந்தார். பேச்சுக்குக் காசு கேட்பார்களோ என்று பயப்படுகிற மனிதர்.

"ஷின்ஸாகு-சான், குளிர் எப்படி?" என்றார் குவாகி.

"குளிருக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"நகிஹோ-சான் நல்ல பொண்ணு."

முதலாளி ஒருவர் 'நல்ல பொண்ணு' என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது நல்ல சேதி இல்லை என்று ஷின்ஸாகுவுக்குத் தெரியும். அவரையும் ஒரு காலத்தில் நிறையப் பேர் நல்ல பையன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அடுத்த வாரம் டாய்கோ மேல அவதானேங்க?" என்று நேராகக் கேட்டார்.

குவாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்க, வானம் வேற ஒரு மாதிரி இருக்கு."

"வானத்தைக் கேக்கல. ஜாக்கியைக் கேட்டேன்."

"யோசிக்கிறதுக்கு நெறைய இருக்கில்ல?" என்று குவாகி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இஸோகாய் 'ம்ம்' என்றார். அது ஆமாவா இல்லையா என்று அவருடைய குதிரைகளுக்கே தெரியாது.

அவர்கள் போனதும் ஸதோயோ கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள். "நீங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"நான் என்ன பண்ணேன்?"

"உங்க காது சிவந்து கெடக்கு. குளிர்ல செவக்கிற செவப்பு இல்ல இது."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பார்வையாளர் மண்டபத்துக்குப் பின்னால், ஒரு தகர அறையில் கணப்பைக் காலடியில் வைத்துக்கொண்டு ரியோஹெய் உட்கார்ந்திருந்தான். மூன்று திரைகள். மூன்றிலும் எண்கள். அப்பா வந்ததைத் திரும்பிப் பார்க்காமலே, "டேப்லெட் சார்ஜ் இருக்காப்பா?" என்றான்.

"அதுக்கு இருக்கு. எனக்குத்தான் இல்ல."

சொன்னார். கண்ணை மூடுவதைச் சொன்னார், கூட்டம் கத்துவதைச் சொன்னார், கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். ரியோஹெய் நாற்காலியோடு மெதுவாகத் திரும்பினான்.

"கண்ண மூடிக்கிட்டா?"

"முழுசா இல்ல. இந்தப் பக்கம் கொஞ்சம் இடுக்கு விட்டுத்தான்."

"அப்பா! மத்த ரெண்டு பேரும் பாக்கவே பயமா இருக்கிற விஷயத்தைக்கூடப் பாத்துட்டு அழுத்தறாங்க. ஒருத்தர் பொண்டாட்டியே அங்க வண்டி ஓட்டுது."

"அவங்களுக்குள்ள சண்டையா இருக்கும்."

ரியோஹெய் சிரிக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவை அந்த இடத்தில் நிறுத்தியது அவன். கம்பெனிக்குத் தெரிந்தால் அவனுக்கும் ஒரு மதிப்பெண் விழும்.

"ஒண்ணு பண்ணுடா" என்றார் ஷின்ஸாகு. "ஒவ்வொரு நிறுத்தத்துலயும் பாதியக் கழிச்சுடு. எனக்குத் தெரியும், அவ எவ்வளவு நிப்பான்னு. நான் ஜாக்கி."

"இன்னும் வேணும்னா கைரேகை பாத்து போட்டுடலாமா?"

குரல் வாசலிலிருந்து வந்தது. நகிஹோ. தலைக்கவசம் ஒரு கையில், தேநீர்க் குவளை ஒரு கையில், மூக்கு நுனி சிவப்பு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"நீ எப்ப வந்தே?" என்றார் ஷின்ஸாகு.

"நீங்க கண்ண மூடற எடத்துலயே வந்துட்டேன்." அவள் உள்ளே வந்து கணப்புப் பக்கம் காலை நீட்டினாள். திடீரென்று அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று பயந்தார் ஷின்ஸாகு. சிரிப்பு. தேநீர் சிந்துகிற அளவு சிரிப்பு.

"நான் மூணு வாரமா எண்ணு எறங்குறதைப் பாத்து யோசிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு, கை மந்தமாயிடுச்சான்னு! வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு வாரைத் தூக்கித் தூக்கிப் பாக்கிறேன். கடைசில அப்பாவுக்குத்தான் மயக்கமா?"

"மயக்கம் இல்லம்மா, கவலை."

"அதைத்தான் சொல்றேன்."

ரியோஹெய் தொண்டையைச் செருமினான். "சரி செஞ்சிடலாம் நகிஹோ. ஆனா பாதி, முக்கால்னு போட முடியாது. மூணு வாரம் உன் வண்டிக்கு வேற யாரும் அழுத்தல. ஒண்ணு அப்பா போட்டது அப்படியே இருக்கணும். இல்லேன்னா மொத்தத்தையும் தூக்கணும். தூக்கினா உன் பேருக்கு நேரே ஒண்ணுமே வராது. ஒரு கோடுதான் வரும்."

"கோடுன்னா?"

"மதிப்பீடு இல்லைன்னு அர்த்தம்."

"அது கடைசியா வர்றதைவிட மோசம்டா" என்றார் ஷின்ஸாகு. "கடைசின்னா ஒரு ஆளு. கோடுன்னா ஆளே இல்ல. குவாகி பாத்தார்னா என்ன நெனப்பார்? என் பேச்சைக் கேளு. மூணு பேருக்கும் தெரிஞ்ச வரைக்கும் நியாயமா ஒரு எண்ண..."

"வேணாம்ப்பா." நகிஹோவின் குரலில் சிரிப்பு போயிருந்தது. "போன வருஷம் எனக்கு எத்தனை சவாரி வந்துச்சு சொல்லுங்க? இஸோகாய்-சான் கூட்டத்தோட குடிக்கப் போறவங்களுக்கு முதல்ல. அப்புறம் அவங்க மச்சானுக்கு. அப்புறம் மச்சானோட சிநேகிதனுக்கு. நமக்கு வர்றது மூணு காலோட நிக்கிற கிழடு. அண்ணனோட எண்ணு வந்த பொறவுதான், இவ நிறுத்தி ஏத்தினா குதிரை விழறதில்லைன்னு குவாகிக்குத் தெரிஞ்சுது. அதைப் பாத்துத்தான் டாய்கோவ குடுத்தார். அப்ப அந்த எண்ணு உண்மை. இப்ப பொய்யா ஒண்ண ஏத்தினா, அதுவும் பொய்யாயிடும்ல?"

ரியோஹெய் அவளையே பார்த்தான். அவனுடைய எண்களுக்காக இந்த வீட்டில் யாரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அப்படின்னா?" என்றான்.

"கோடு போடு."

"நகிஹோ, குவாகி-சான்..."

"போடுன்னா போடு."

"இன்னைக்கு மண்ணும் காஞ்சு கெடக்கு, வண்டி ஒட்டும், நெறைய தடவை நிறுத்த வேண்டி வரும். அத வேற எல்லாரும் பாப்பாங்க" என்றார் ஷின்ஸாகு.

"பாக்கட்டும். நிறுத்துவேன். குதிரை எத்தனை தடவை கேக்குதோ அத்தனை தடவை." குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கவசத்தை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். "அண்ணா, எனக்குக் கோடு போட்டா பத்தாது. ஈரத் தடத்துல ஓட்டினவனையும் புழுதியில ஓட்டினவளையும் ஒரே பட்டியல்ல போடறே பாரு, அதுக்கும் ஒரு வழி பண்ணு. அப்பா, நீங்க இன்னைக்கு அழுத்த வேணாம். சும்மா வந்து பாருங்க."

"பாக்கிறதுக்கா..." என்று இழுத்தார் ஷின்ஸாகு.

அவள் போய்விட்டாள்.

நண்பகலுக்கு முன் கோடு வந்துவிட்டது. திடல் முழுக்க ஆளாளுக்குக் கைப்பேசியைத் தட்டினார்கள். முன்னாள் ஜாக்கிகள் இரண்டு பேர் ஸதோயோவின் கடைக்கே வந்து, "கோட்டுக்கு என்னங்க அர்த்தம்? கால் ஒடிஞ்சுதா, கல்யாணமா?" என்று கேட்டார்கள். "ரெண்டுக்கும் சேத்து ஒரு கிண்ணம் ஜாஸ்தி வாங்கு" என்றாள் ஸதோயோ. ஷின்ஸாகு எதிரில் வந்த இஸோகாயிடம் கோப்பைக்கு ஜாக்கி யார் என்று மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்த்தார். இஸோகாய் குதிரையின் பல்லைப் பார்ப்பதுபோல் அவர் வாயையே பார்த்துவிட்டுப் போனார்.

பிற்பகல் பந்தயத்தில் பத்து வண்டிகள். நகிஹோ டாய்கோவோடு நடுத் தடத்தில். அவளுக்கு அடுத்த தடத்தில் உஜியே, செயலியில் முதலிடக்காரன், கின்பஷி என்ற குதிரையோடு. உஜியே நிறுத்துவதே இல்லை என்று பேர்; குறைந்த நிறுத்தம்தான் அவனுக்கு விளம்பரம்.

மணி அடித்தது. வண்டிகள் கிளம்பின. வேலிக்கு இந்தப் பக்கம் கூட்டமும் குதிரைகளோடு சேர்ந்தே நடந்தது, எப்போதும்போல. குதிரைகளின் மூச்சு வெள்ளை வெள்ளையாக எழுந்து ஜாக்கிகளின் முகத்தை மறைத்தது. ஷின்ஸாகுவும் நடந்தார். கையில் டேப்லெட் இல்லாததால் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குப் புரியவில்லை. கடைசியில் ஸதோயோவின் தோளில் வைத்தார். கடையை மூடிவிட்டு அவளும் வந்திருந்தாள்.

முதல் மேடு தாண்டியது. பெரிய மேட்டின் அடி.

நகிஹோ நிறுத்தினாள்.

ஷின்ஸாகுவின் கண் தானாக மூடப்பார்த்தது. ஸதோயோ அவர் கையைக் கிள்ளினாள், நன்றாகவே கிள்ளினாள். "இன்னைக்கு மூடினீங்க, ராத்திரி சோறு கிடையாது."

அவர் பார்த்தார்.

டாய்கோ தலையைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கினான். விலா ஏறி இறங்கியது. நகிஹோ வாரைத் தளர்த்தி, அவன் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நகர்த்தினாள். நிறுத்தினாள். மறுபடி நகர்த்தினாள். நிறுத்தினாள். பக்கத்துத் தடத்தில் உஜியே ஒரே ஒரு தடவை நின்றுவிட்டு மேட்டில் ஏறத் தொடங்கிவிட்டான். வலப்புறம் இரண்டு வண்டிகளும் ஏறின.

"ஏம்மா நிக்கிறே, ஏறும்மா!" என்று யாரோ கத்தினார்கள். இன்னொருவர், "கோடு போட்டது சரிதான்யா!" என்றார்.

ஷின்ஸாகுவுக்கு அந்த ஆளின் தொப்பியைப் பிடுங்கித் தடத்தில் எறியவேண்டும்போல் இருந்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. இவ்வளவு வருடத்தில் அவள் மேட்டடியில் என்ன செய்கிறாள் என்பதை இப்போதுதான் பார்க்கிறார். அவள் சும்மா நிற்கவில்லை. டாய்கோவின் ஒரு காது பின்னால் திரும்பியதும் அவள் முழங்கால் இளகியது. இன்னொரு காதும் திரும்பியது. அவள் இன்னும் பொறுத்தாள். மேலே உஜியேயின் கின்பஷி மேட்டின் பாதியில் முட்டி மடிந்து நின்றுவிட்டது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

டாய்கோவின் இரண்டு காதும் முன்னால் திரும்பின.

"ஹை!" என்று அவள் கத்திய கத்தல் மண்டபத்தில் பட்டுத் திரும்பியது. டாய்கோ எழுந்தான் என்றுதான் சொல்லவேண்டும். மண் பறந்தது, சங்கிலி இறுகியது, இரும்பு வண்டி மூக்கைத் தூக்கியது. ஒரே மூச்சு. உச்சி.

ஷின்ஸாகு தன்னை அறியாமல் 'ஓ' என்று கத்தினார். அவர் வழக்கமாகக் காத்திருக்கும் கூட்டத்தின் கத்தலில் இந்தத் தடவை அவர் குரலும் இருந்தது.

கின்பஷியும் சுதாரித்து ஏறி, முதலில் இறங்கிவிட்டது. கடைசி மணல்தடத்தில் கின்பஷி முன்னால், டாய்கோ ஒரு வண்டி பின்னால். கின்பஷியின் மூக்கு எல்லைக் கோட்டைத் தொட்டது. மண்டபத்தில் சுற்றுலாக்காரர்கள் குதித்தார்கள். செயலியும் அவசரக்காரன், எல்லோருடைய கைப்பேசியிலும் உஜியேயின் படம் மலர்ந்து வாழ்த்துச் சொன்னது.

இங்கே பழகியவர்கள் யாரும் கைதட்டவில்லை. ஒபிஹிரோவில் மூக்குக்கு மதிப்பில்லை. வண்டியின் வால் கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு. கின்பஷியின் முன்கால் நின்றது, பின்கால் நின்றது, வண்டி பாதி உள்ளே பாதி வெளியே என்று உறைந்துபோனது. உஜியே வாரை வீசினான். அது மூச்சுத்தான் விட்டது.

டாய்கோ நிற்காமல் வந்தான். அவசரப்படாமல், கடைக்குப் போகிறவன்போல் வந்தான். அவனுடைய மூக்கு தாண்டியது, வயிறு தாண்டியது, வண்டி தாண்டியது, வால் தாண்டியது.

ஸதோயோ அழுதுகொண்டே, "எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்றாள். ஆனால் நகரவில்லை.

தகர அறையிலிருந்து ரியோஹெய் ஓடிவந்தான். "மூக்கை எடுத்து வெச்சிருக்கு, மூக்கை! ஓட்டப் பந்தயத்துக்கு எழுதின நிரலை அப்படியே இங்க போட்டிருக்கானுங்க!" என்று கத்தினான். பிறகு அப்பாவைப் பார்த்து, "கண்ணு?" என்றான்.

"தொறந்துதான் இருந்துச்சு" என்றார் ஷின்ஸாகு. பெருமையாகத்தான் சொன்னார்.

வெற்றிப் படம் எடுக்கும் இடத்தில் குவாகி வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நின்றார். ஷின்ஸாகு நேராக அவரிடம் போனார். இன்று இந்த ஒரு கேள்வியோடு அவர் நடந்த தூரம் டாய்கோ இழுத்த தூரத்தைவிட அதிகம்.

"அப்ப அடுத்த வாரம் நகிஹோதானேங்க?"

குவாகியின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் எங்கேயோ போனது. "அற்புதமான குதிரை இல்ல?"

"ஜாக்கி?"

"எல்லாரும் நல்லா ஒழைச்சாங்க."

இஸோகாயைப் பார்த்தார். அவர் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். ஷின்ஸாகு ரியோஹெய்யிடம் திரும்பி, "உனக்கு ஏதாவது தெரியுமாடா?" என்றார். அவன், "அது வந்துப்பா" என்று ஆரம்பித்து, வந்ததை அங்கேயே நிறுத்திவிட்டான்.

"அவகிட்டயே கேளுங்க" என்றாள் ஸதோயோ. "பெத்தவர்தானே?"

லாயத்தில் நகிஹோ டாய்கோவின் கால்களுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மண் கரைந்து ஓடியது. குதிரை கண்ணை அரைவாசி மூடி நின்றது.

"நல்லா ஏத்தினே" என்றார் ஷின்ஸாகு.

"பாத்தீங்களா?"

"எல்லாம் பாத்தேன். காதைப் பாத்தேன். உன் முழங்காலைப் பாத்தேன்." கொஞ்சம் தயங்கினார். "நகிஹோ, காலைலேருந்து கேக்கிறேன். ஒருத்தன் வானத்தைக் காட்டறான், ஒருத்தன் 'ம்ம்'ங்கறான். குதிரைகிட்ட கேட்டிருந்தாலாவது காதை ஆட்டியிருக்கும். நீயாவது சொல்லு. அடுத்த வாரம் டாய்கோ மேல நீதானே?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"இல்லப்பா."

நிமிர்ந்து அவரைப் பார்த்தே சொன்னாள்.

"பந்தயத்துக்கு முன்னாடியே குவாகி-சான் வந்தார். கோப்பைல ரெண்டு தடவைக்கு மேல மேட்டடியில நிறுத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னார். கோடு இருக்கிற ஜாக்கிய அவர் எப்படி நம்பறதாம். முடியாதுன்னேன். குதிரைக்குத்தான் தெரியும் எத்தனைன்னு, எனக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்னேன். அப்பவே டாய்கோவுக்கு உஜியே பேரைக் குடுத்துட்டார். இன்னைக்கு ஜெயிச்சேன்னு இப்ப மாத்தவும் முடியாது. அவருக்கும் இப்ப சங்கடம். அதான் வானத்தைக் காட்டறார்."

ஷின்ஸாகு வாளியின் விளிம்பில் உட்காரப்போய், வாளி சாய, சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப தெரிஞ்சேதான் இன்னைக்கு அப்படி ஓட்டினியா? அவருக்கா ஜெயிச்சுக் குடுத்தே?"

"இவனுக்கு." டாய்கோவின் கழுத்தைத் தட்டினாள். "நான் அடுத்த வாரம் சும்மா இருக்கப் போறதில்ல. ஷிராகாபா இருக்கில்ல, கடைசி லாயத்துல?"

ஷிராகாபாவைத் தெரியாதவர் இல்லை. வயதான பெண் குதிரை. தகுதிச் சுற்றில் எப்படியோ கடைசி ஆளாக உள்ளே நுழைந்தது. அதை ஓட்ட யாரும் முன்வரவில்லை என்று காலையில்தான் கடையில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அதையா? அது நின்னா சாப்பாட்டு மணி அடிச்சாத்தான்மா நகரும்!"

"நான் கேட்டு வாங்கிட்டேன். காலைல வரைக்கும் ஜாக்கி இல்லாத குதிரை, மதிப்பீடு இல்லாத ஜாக்கி. நல்ல பொருத்தம்." அவள் வெந்நீர்த் துணியைப் பிழிந்தாள். கை சிவந்திருந்தது.

ஷின்ஸாகு டாய்கோவைப் பார்த்தார். அந்தத் தோளை, அந்தக் கழுத்தை, சற்றுமுன் மேட்டைத் தூக்கி எறிந்த அந்தப் பின்கால்களைப் பார்த்தார். அப்பா கேட்கக்கூடாத கேள்விதான். ஆனால் ஜாக்கி கேட்கலாம்.

"நிஜமா சொல்லு. ஆறுதலுக்குச் சொல்லாதே. அந்தக் கிழவிய வெச்சுக்கிட்டு இவனை ஜெயிக்க முடியுமா?"

டாய்கோவின் ஒரு காது நகிஹோவின் பக்கம் திரும்பியது. அவள் அதைப் பார்த்தாள்.

"முடியும்ப்பா. இவன் எங்க நிக்கணும்னு கேப்பான்னு எனக்குத் தெரியும். உஜியே அங்க நிறுத்த மாட்டான்."